யாகப்பன் பெயர் வேண்டாம்

“பேரு போடக் கூடாது. போட்டோவும் கூடாது. ஊரப் பத்தி மூச்சே விடக் கூடாது. பாட்டு மட்டும் வேணும்னா போட்டுக்கோ.”

அன்னபுஷ்பம் இப்படிச் சொல்லிவிட்டு, கேசட் அட்டையைத் தரையோடு தரையாகப் பலராமன் பக்கம் தள்ளிவிட்டாள்.

பலராமனுக்கு ரத்தம் கொதித்தது.

அவன் சென்னையில் புதிதாகக் கேசட் கம்பெனி ஆரம்பித்திருந்தான். முதல் வெளியீடே யாகப்பனின் பாட்டுகள்தான். அறுபத்தேழில் எலெக்ட்ரிக் கிதாரும் தோள்வரை முடியுமாக மேடையேறி, தமிழில் ராக் பாடிய யாகப்பன். அவர் பாட்டைக் கேட்டால் தலை சுற்றும், நிறம் நிறமாக ஏதோ தெரியும் என்று காலேஜ் பையன்கள் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. பலராமனும் அந்தப் பையன்களில் ஒருவன்.

அப்புறம் கஞ்சா, போதை மாத்திரை, மனநல ஆஸ்பத்திரி. இப்போது ஒரகடத்தில் அக்கா அன்னபுஷ்பத்தின் வீட்டில் யாகப்பன் ஒதுங்கியிருந்தார்.

முதல் மேடையில் பாடியது தொடங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ டேப்பில் பிடித்த முனகல் வரை, அத்தனையையும் தேடிப் பிடித்து இரண்டு கேசட்டாகத் தொகுத்திருந்தான் பலராமன். போன மாதம் வந்து சம்மதம் கேட்டவன், இன்று அட்டையோடு வந்திருந்தான். அட்டையில் பெரிதாக யாகப்பன் படம். கீழே, ‘ஒரகடம் தந்த பைத்தியக்கார மேதை’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதை எழுதும்போது அவன் அழுதே விட்டான்.

“ஏம்மா, உங்க கூடப் பிறந்த தம்பி! பேர் இல்லாம வந்தா யார் பாட்டுன்னு சொல்றது?”

“பாட்டுதான பாடப் போவுது? பேரா பாடப் போவுது?”

“இவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“எட்டு வருசமா சோறு போட்டுகினு கீறேன். எனக்குத் தெரியாதா?”

மூலையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த யாகப்பன் நிமிரவில்லை. மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர் விரல்கள் சதா நடுங்கின. தொடைக்கு அடியில் வைத்து அவற்றை அழுத்திக்கொண்டிருந்தார். கிதாரில் விளையாடிய விரல்கள் அவை. பலராமனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்னபுஷ்பத்தின் மகள் செல்வமேரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணம் நிச்சயமான பெண். மாப்பிள்ளைக்கு ஊர் குன்றத்தூர்; ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்றாவது முறையும் வாசித்துவிட்டால், தாலி கட்டுவதுதான் பாக்கி.

“மாமா பேரு இருக்கட்டும்மா. அவரு பாட்டுதான அது,” என்றாள் செல்வமேரி, மெதுவாக.

“நீ உள்ள போ!” என்று எரிந்து விழுந்தாள் அன்னபுஷ்பம்.

பலராமனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஓ! பொண்ணு கல்யாணத்துக்காகத் தம்பியை மறைக்கிறீங்க. அப்படித்தானே?”

“ஆமா, இன்னா இப்போ? மாப்ள வூட்ல இவனுக்கு நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ பைத்தியம்னு செவப்புல எழுதி கட கடயா வெச்சீன்னா, எவனாச்சும் எடுத்துகினு போய் அங்க காட்ட மாட்டான்?”

“சரி, கல்யாணம் முடிஞ்சப்புறம் வெளியிடறேன்.”

“முடிஞ்சப்புறம் அவ அங்க வாழ வாணாமா?”

“மனுஷன் இங்கேயே உட்கார்ந்திருக்கார். அவர் ஒருத்தர் இருக்கறதாவே நீங்க நினைக்கலையே! அண்டா, குண்டா மாதிரி அவரும் வீட்டுல ஒரு சாமானா?”

அன்னபுஷ்பம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பலராமன் எழுந்தான். செருப்பு மாட்டும்போதே முடிவு செய்துவிட்டான். பெயர் வரும், படமும் வரும். வேண்டுமானால் இந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போகட்டும்.

தாம்பரம் பஸ்ஸுக்காக அவன் ரோட்டில் நின்றபோது, பின்னாலேயே யாகப்பன் வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பலராமன் அவர் தோளில் கை வைத்தான்.

“கவலைப்படாதீங்கண்ணே. உங்க அக்கா என்ன குதிச்சாலும் சரி, உங்க பேரோடதான் கேசட் வரும்.”

“வாணாம் சார்.”

“அவங்களுக்குப் பயப்படாதீங்க. உங்களுக்காகப் பேச நான் இருக்கேன்.”

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப, சோத்த எடுத்து வாயில வெக்கக்கூட எனக்குக் கை நிக்காது சார். செல்வமேரிதான் ஊட்டி வுடுவா. அப்ப பாவாட கட்டுன சின்னப் புள்ள. அவ போற எடத்துல நல்லா இருக்கட்டும். எனக்குப் பேரு இன்னாத்துக்கு?”

பலராமன் பரிதாபமாக அவரைப் பார்த்தான்.

“இதெல்லாம் நீங்களா பேசறதில்லைண்ணே. அவங்க சொல்லிக் கொடுத்தது.”

யாகப்பன் மறுப்பாகத் தலையை அசைத்தார்.

“சொல்லிக் குடுத்தது நான் சார். போன தபா நீங்க வந்தப்ப, பேரு வாணாம்னு நானேதான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க எங்க அக்கா பக்கம் திரும்பி, ‘மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாரா’ன்னு கேட்டீங்க. அதான் இந்த தபா அவள சொல்லச் சொன்னேன்.”