ஓட்டத் தெரிந்த ஒரே ஆள்

"இது மட்டும் ஒழுங்கா ஓடிருச்சுன்னா, ஒண்ணாந்தேதியிலருந்து உங்கம்மா வேலைக்கு வர வேணாம் ஜெரினா!"

முத்துக்கருப்பன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜெரினா சிரிக்கவில்லை.

காரைக்குடியில் வீட்டிலேயே ரோபோ செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூடி, செய்ததை ஓட்டிக் காட்டுவார்கள். இந்த மாதம் இடம் கொடுத்தவர் முத்துக்கருப்பன். பூர்வீக வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியவர். காரணமில்லாமல் அவர் கதவைத் திறந்துவிடவில்லை.

அந்த வீட்டின் பெரிய கூடத்தைத் தினமும் குனிந்து துடைப்பவள் ஜெரினாவின் அம்மா அடைக்கலமேரி. போன வருஷமே அவளை நிறுத்திவிட்டு, விலை உயர்ந்த ரோபோ ஒன்றை வாங்கிப் போட்டார் அவர். அதுவோ தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருந்த கறுப்புப் பூக்களைப் பள்ளம் என்று நினைத்துப் பயந்து, நின்ற இடத்திலேயே நின்று கீச்கீச்சென்று கத்தியது. மறுநாளே அடைக்கலமேரிக்கு ஆள் அனுப்பினார்.

"என் மெசினு பூவுக்கெல்லாம் பயப்படாது சார்" என்றாள் ஜெரினா. பழைய கார் வைப்பர் மோட்டார், பிளாஸ்டிக் வாளி, ஒரு துண்டு. அவளே செய்தது.

அடைக்கலமேரி மகளைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"ஏண்டி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் உன்ன இஞ்சினியருக்குப் படிக்க வச்சேனா?"

"முட்டி வலிக்குதுன்னு ராத்திரி பூரா மொனகுனது யாரு? நானா?"

"முட்டி வலிச்சா தைலத்தத் தேச்சுக்கிருவேன். வேலை போனா எதத் தேய்க்கிறது?"

"பேசாம இரும்மா. சும்மா பயந்துக்கிட்டு."

முற்றத்தில், குரூப்பைச் சேர்ந்த லூர்து பிரகாஷின் காக்கா விரட்டும் ரோபோ கையை வீசிக்கொண்டிருந்தது. இரண்டு காக்கைகள் வந்து அதன் தலையிலேயே உட்கார்ந்தன.

"பழகிருச்சுக" என்றான் அவன், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அடுத்தது ஜெரினா. துடைக்கும் ரோபோவைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். செல்போனை முத்துக்கருப்பனிடம் நீட்டினாள். திரையில் நான்கு அம்புக்குறிகள்.

"ஏன், தானா ஓடாதா?"

"நீங்க தொட்டுத்தான் பாருங்களேன் சார்."

அவர் முன்னால் போகச் சொன்னார். அது பின்னால் போனது. இடப்பக்கம் திருப்பினார். நேராகப் போய்த் தேக்குத் தூணில் முட்டியது. பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினார். விறுவிறுவென்று வந்து அவர் காலைத் துடைக்க ஆரம்பித்தது.

"ஏய், வேட்டி! வேட்டி! யாராச்சும் பிடிங்கப்பா!"

கூடமே சிரித்தது.

"குடுங்க சார். இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்" என்று போனை வாங்கினான் பிரகாஷ். ரோபோ ஒரு வட்டம் அடித்து, முற்றத்தில் இறங்கி, அவனுடைய ரோபோவையே இடித்துத் தள்ளியது. காக்கைகள் பறந்தன.

"உன் மெசினுக்கு என் மெசினே தேவல. காக்கா போயிருச்சு பாரு" என்றாள் ஜெரினா. பிறகு முத்துக்கருப்பனைப் பார்த்தாள். "இத்தன வருசமா இந்தத் தரையத் தொடச்ச கை ஒண்ணு இருக்கு. அதையும் பாத்துருங்க சார். அம்மா, வா இங்குட்டு."

ரோபோவைத் தூக்கிவந்து மறுபடி கூடத்தில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். போனில் எதையோ தட்டி அவள் கையில் கொடுத்தாள். குனிந்து காதில் ஏதோ சொன்னாள். அடைக்கலமேரி மகளை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, விரலால் திரையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ரோபோ நிமிர்ந்துகொண்டது போல் இருந்தது. சுவரோரமாகப் போனது, திரும்பியது, தூணைச் சுற்றிக்கொண்டது. கறுப்புப் பூக்களின் மேல் ஏறி இறங்கியது. ஒரு இடம் விடவில்லை. போன வழியெல்லாம் கல் பளபளத்தது.

அடைக்கலமேரி நிமிரவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை அங்குட்டும் இங்குட்டும் இழுத்தாள். நடுவில் ஒரு தடவை "ச்சே!" என்றாள்.

"என்னா கவனம்யா!" முத்துக்கருப்பன் வாயைப் பிளந்தார். "மேரி, நாளையிலருந்து நீ இந்தச் சேர்லயே உக்காந்து ஓட்டு. குனியிற வேலைய அது பாக்கட்டும். உன்ன விட்டா இத ஓட்ட ஆளு கிடையாது."

"தொடைக்கிறவுகளுக்கும் மெசின் ஓட்டுறவுகளுக்கும் ஒரே சம்பளமா சார்?" என்றாள் ஜெரினா.

"கூட்டித் தாரேம்மா. சண்டைக்கு வராத."

டீ வந்தது. குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிக் காட்டிய ரோபோவின் புரோகிராமை அன்றைக்கே எல்லாருக்கும் பகிர்ந்துவிட வேண்டும். ஜெரினாவும் பகிர்ந்தாள். லேப்டாப்பில் அதைப் படித்துக்கொண்டிருந்த பிரகாஷ் எழுந்து வந்தான்.

"ஏய் ஜெரினா, அம்புக்குறியத் தொட்டாத்தான் தாறுமாறாப் போகச் சொல்லி எழுதியிருக்க! தொடாம விட்டா அதுபாட்டுக்குத் தொடைக்குது. இத ஓட்ட ஆளே வேணாமே?"

"மெதுவாப் பேசு. குரூப்புக்குள்ள மறைக்கக் கூடாது, சரி. சார் நம்ம குரூப்புல இல்ல."

"அப்ப உங்கம்மா அம்புட்டு நேரம் போன்ல எதத் தேச்சுக்கிட்டு இருந்தாக?"

ஜெரினா திரும்பிப் பார்த்தாள். ரோபோவை நிறுத்தி, துண்டைப் பிழிந்து காயப்போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. நாற்காலியில் அடைக்கலமேரியின் விரல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"மிட்டாய் உடைக்கிற கேமு. ஒரு வாரமா ஒரே லெவல்ல மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு, இன்னைக்குத்தான் தாண்டிருக்கு எங்கம்மா."