வீட்டுக்கு ஓர் ஆள்

மோட்டார் சைக்கிளின் பின் டயரைக் கழற்றி உள்பக்கமாக விரலை ஓட்டிய கனகதாஸ் சட்டென்று நிறுத்தினான். சாக்குத் தைக்கிற ஊசி ஒன்று முழுசாக உள்ளே இறங்கியிருந்தது.

அடுக்களைப் பக்கம் திரும்பினான். "எட்டி லீலா, இது ரோட்டுல கெடந்து ஏறின ஊசி இல்ல. ஆரோ குத்தினதாக்கும்."

"எனக்கு என்னத்துக்கு அந்த வேல?" என்றபடி வெளியே வந்தாள் அவன் மனைவி லீலாபாய்.

"நான் உனக்க பேரச் சொல்லேல்லியே."

நெய்யாற்றின்கரை தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி அன்று கோர்ட் வாசலில் மறியல். அரெஸ்ட் நிச்சயம், இரண்டு மாதம் ஜெயிலும் நிச்சயம். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க ஒருவர் மிஞ்ச வேண்டும் என்பதால், வீட்டுக்கு ஓர் ஆள்தான் என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. பத்தரைக்குப் பெயர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

போன மறியலின்போது கனகதாஸ் காய்ச்சலில் படுத்துவிட்டான். பாறசாலை ஊர் முழுக்க இன்னும் அவன் உடல்நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. இன்றும் போகாவிட்டால் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பக்கத்து வீட்டு ராஜப்பன் வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "என்ன கனகதாசே, இன்னைக்குக் காய்ச்சல் வண்டிக்கா?"

"இப்பம் மாட்டிருவேன் ஓய்."

"ஒம்பது மணி பஸ்ஸு வருது. அதுல ஏறிப் போவும்."

"ஜெயிலுக்குப் போறவன் டிக்கெட் எடுத்தா போவான்? மோட்டார் சைக்கிள்ல கொடி கட்டிப் போய் எறங்கணும். கமிட்டியில சொல்லியாச்சு."

லீலாபாய் ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் இருந்தாள். கையில் புடைத்த துணிப்பை. "நான் பஸ்ஸுல போறேன். சபையில பெண்கள் கூட்டம் உண்டு."

"பையில என்ன?"

"உடுப்பும் சோப்பும். இல்லாதவங்களுக்குக் குடுக்க."

"செரி, போ. ஆனா ஒண்ணு, நீ எத்தன ஊசி குத்தினாலும் நான் போவேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தபோது கனகதாசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பரணில் கிடந்த மாற்று டயரையும் ட்யூபையும் இறக்கினான். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குதிகாலால் மிதித்து, நெம்புகம்பியால் ரிம்முக்குள் தள்ளினான். காற்றடித்து நிமிர்ந்தால், முன் டயர் தரையோடு படுத்திருந்தது. அதிலும் ஊசி.

"இந்தப் பெண்ணுக்கு எனக்க மேல இவ்வளவு பாசமா?" என்று முனகிக்கொண்டே அதையும் கழற்றி, ட்யூபை ஒட்டி மாட்டினான்.

பத்து இருபத்தைந்துக்குக் கொடி பறக்கக் கோர்ட் வாசலில் போய் நின்றான். போலீஸ் லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு உறுமியது.

"எனக்க பேர எழுதும் ஓய், சீக்கிரம்."

கமிட்டிக்காரர் லிஸ்ட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒம்ம வீட்டு ஆளு ஒம்பதரைக்கே வந்தாச்சே."

"எனக்க வீட்டு ஆளா? ஆரு?"

லாரிக் கம்பிக்குப் பின்னாலிருந்து லீலாபாய் எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைகளப் பாத்துக்கிடுங்க. ரெண்டு மாசத்துல வாறேன்."