ஆறு வெள்ளைத் தொட்டிகள்

இந்தச் செய்தியை முதன்முதலில் வெளியே சொன்னவர் எடைமேடைக்காரர்தான்.

"துப்புரவுப் பெருவிழாவுக்குப் போன ஆறு தொட்டியும் போன மாதிரியே திரும்பி வந்திருக்கு. ஒரு கிலோகூட ஏறலை. அந்தம்மா வாடகையை மட்டும் சுளையா வாங்கிக்கிச்சு."

கேட்டவர்கள் எல்லாரும் தொட்டிக்காரம்மாவை வாயில் போட்டு மென்றார்கள். 

கட்டட இடிபாடுகளை அள்ளுவதற்கு இரும்புத் தொட்டிகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில். லாரி ஓட்டுவது தம்பி. விழாவுக்குச் சில நாள் முன்பு, விழாச் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களுடைய கொட்டகைக்குள் நுழைந்தார்.

"என்னம்மா, தொட்டியெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"குப்பை அள்ளுற தொட்டிதானே சார்."

"அதுக்காக? ஆறுக்கும் வெள்ளை பெயிண்ட் அடிச்சிடுங்க. தலைவர் வர்றார். படம் எடுப்பாங்க."

பெயிண்ட் செலவு தொட்டிக்காரம்மாவின் தலையில் விழுந்தது. கிடங்கில் குப்பை கொட்ட எடைக்கேற்பக் கட்டணம் உண்டு; அதற்கென்று அவர் தனியாக முன்பணம் கேட்டபோதுதான் செயலாளரின் முகம் சுருங்கியது.

"எடை விஷயத்துல உங்க ஆளுங்க விளையாடுறது எனக்குத் தெரியாதா? போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எடை போடணும். ஏறினதுக்கு மட்டும் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிடணும்."

"சரிங்க சார்."

"எல்லாம் ஒழுங்கா நடந்தா, நகராட்சியோட வருஷ வேலைக்கு உங்க பேரைச் சொல்றேன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தொட்டிக்காரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கட்டட வேலைகள் படுத்துப்போயிருந்தன. வருஷ வேலை கிடைக்காவிட்டால் லாரியை விற்க வேண்டியதுதான்.

விழா நாளில் ஆறு வெள்ளைத் தொட்டிகளும் மேடையருகே மாப்பிள்ளை வீட்டாரைப் போல விறைப்பாக நின்றன. சுற்றிலும் பச்சை நாடா. காவலுக்குத் தொண்டர்கள்.

ஐஸ்கிரீம் கோப்பையோடு வந்த ஒரு சிறுமியைத் தொண்டர் ஒருவர் மடக்கினார்.

"இதுல போடாதேம்மா. தலைவர் இன்னும் வரலை."

"அப்ப எங்க போடுறது?"

தொண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்படி ஓரமாப் போடு."

தலைவர் வந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொட்டிக்குள் போட்டார். படம் சரியாக விழவில்லை. பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் போட்டார். மூன்றாம் முறைதான் எல்லாருக்கும் திருப்தி. பிறகு, வெள்ளைத் தொட்டி அழுக்காக வேண்டாமென்று, செயலாளரே குனிந்து பாட்டிலை எடுத்து நாடாவுக்கு வெளியே எறிந்தார்.

கூட்டம் கலைந்தபோது, மைதானம் முழுவதும் காகிதத் தட்டுகளும் பாட்டில்களும் சிதறிக் கிடந்தன. தொட்டிகள் மட்டும் பளபளத்தன. பெருக்குவதற்கு ஒரே ஒரு பெண், ஒரே ஒரு துடைப்பத்தோடு நின்றாள்.

"காலையில பிள்ளைங்களுக்கு இங்க ஓட்டப்பந்தயம்க்கா. அதுக்குள்ள முடிக்கலைன்னா வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாங்க" என்றாள், தொட்டிகளைத் திரும்ப எடுக்க வந்த தொட்டிக்காரம்மாவிடம்.

தம்பி லாரியிலிருந்து குதித்தான். "ஆறு தொட்டி சும்மாத்தானே நிக்குது? இதுல அள்ளிடலாம்கா."

"எடை ஏறும். ஏறினா, நாமளே அள்ளிப் போட்டு ஏத்திட்டோம்னு அந்த மனுஷன் சொல்வார். வருஷ வேலை போச்சு."

"அப்ப வா, வீட்டுக்குப் போவோம்."

தொட்டிக்காரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அதற்குள் ஒரு மூலையில் குனிந்து பெருக்கத் தொடங்கியிருந்தாள்.

"கொட்டகையில அந்த ஓட்டைத் தொட்டி கிடக்குல்ல? அதைக் கொண்டு வா."

"கிடங்குல கொட்ட யார் காசு கட்டுறது?"

"நான்தான். போடா."

மூன்று பேரும் சேர்ந்து அள்ளி முடித்தார்கள்.

மறுவாரம் செயலாளர் மறுபடியும் வந்தார். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம விழாவுக்கு விருது கிடைச்சிருக்கும்மா. குப்பையே சேராத விழான்னு. உங்க எடைச் சீட்டைத்தான் ஆதாரமாக் காட்டினோம். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா மைதானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஜனங்க திருந்திட்டாங்க."

"சார், அந்த ஏழாவது தொட்டி..." என்று தொடங்கினான் தம்பி.

"ஏழாவதா? நாங்க ஆறுதானே எடுத்தோம்?"

"ஆறுதான் சார்" என்றார் தொட்டிக்காரம்மா, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு. "அந்த வருஷ வேலை விஷயம்..."

"அதையும் நகராட்சியில பேசினேன். குப்பையே சேராத ஊருக்குத் தொட்டி எதுக்குன்னு கேக்குறாங்க. நியாயம்தானே?"

தொட்டிக்காரம்மா உள்ளே போய் முன்பணத்தை எடுத்துவந்தார். முன்பணத்துக்குத் தான் கொடுத்திருந்த ரசீதைச் செயலாளரிடமிருந்து வாங்கி, 'முழுவதும் திருப்பித் தரப்பட்டது' என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தார்.

செயலாளர் பணத்தை இருமுறை எண்ணிப் பையில் வைத்தார். ரசீதை நான்காகக் கிழித்துக் காலடியில் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். ஆறு வெள்ளைத் தொட்டிகளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றன.

தொட்டிக்காரம்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, முதல் தொட்டிக்குள் போட்டார்.

அந்த விழாவின் குப்பையென்று அந்த வெள்ளைத் தொட்டிகளில் தங்கியது அந்தக் கிழிந்த ரசீது ஒன்றுதான்: 'எடைக்கான முன்பணம், ரூபாய் ஒன்பதாயிரத்து அறுநூறு.'