உத்திர வீதி எலி

இரும்புக் குழாயின் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு குத்புதீன் காரின் அடியிலிருந்து வெளியே வந்தபோது, பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

வயர் முழுக்கக் குழாய்க்குள். இனி எலியின் பாட்டன் வந்தாலும் பல்தான் போகும்.

கார் வடக்கு உத்திர வீதிப் பராசரன் சாமியுடையது. மருங்காபுரிப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடமிருந்து பழசாக வாங்கியது. வாங்கும்போது வயரிங் எப்படி இருந்தது என்றால், ஹாரனை அழுத்தினால் விளக்கு அணையும். விளக்கைப் போட்டால் ஹாரன் அடிக்கும். இரண்டையும் தொடாமல் இருந்தால் வண்டி நன்றாக ஓடும்.

அதை குத்புதீன் ஒரே நாளில் சரிசெய்துவிட்டார். எலியைத்தான் சரிசெய்ய முடியவில்லை.

அது சாதாரண எலி இல்லை. பகலில் கார் திருவானைக்காவல் போகட்டும், முக்கொம்பு போகட்டும், அது பாட்டுக்கு இருக்கும். பொழுது சாய்ந்தபின் பயணம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் போதும், ஹெட்லைட் வயரைக் கடித்துவிடும்.

பொறி வைத்தார்கள். வடை போயிருந்தது, எலி இல்லை. மறுநாளும் வடை போயிற்று. மூன்றாம் நாள் தேங்காய்ச் சில்லு வைத்தபோது எலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்து எலிக்கு ருசி தெரியும் என்று பராசரன் சாமி பெருமைப்பட்டார்.

மூன்று தரம் வயர் மாற்றியாயிற்று. கடிபட்ட மூன்று துண்டுகளும் குத்புதீனின் சட்டைப் பையில் கிடந்தன. மூன்றும் வாழை இலை நறுக்கியது போல ஒரே சாய்வு. இந்த ஊர் எலிக்குப் பல் அப்படி போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

மலைக்கோட்டைக் கடைத்தெரு விடவில்லை. முப்பது லாரிக்கு விளக்குப் போட்டுக்கொடுத்த மனுஷரை 'எலி பாய்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அவர் கடை வாசலில் பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருந்தான்.

இன்றைக்கு ஏழு மணி ரயிலில் ஜங்ஷனுக்கு மாப்பிள்ளை வருகிறார். போன தடவை அவரை ஜட்காவில் அழைத்துவந்ததில், உங்கள் வீட்டில் இருப்பது காரா, காரின் படமா என்று சம்பந்தி கேட்கும்படி ஆகிவிட்டது. இன்றும் விளக்கு எரியாவிட்டால் வண்டி ரிப்பேருக்கு மதராஸுக்குப் போய்விடும் என்று சாமி சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு சைக்கிள் விளக்கைக்கூட யாரும் குத்புதீனை நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் லாரியில் மாட்டும் பெரிய விளக்கு இரண்டு. அதனால்தான் குழாய்.

டிரைவர் பிச்சமுத்து நாலு மணிக்கே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மூன்று பிள்ளைக்காரன். பகலில் பெரிய கடைவீதிக் கூட்டத்துக்குள் ஒரு கோழி இறகைத் தொடாமல் ஓட்டுவான். கள்ளுக்கடைக்குப் போய்விடுவான் என்று அவன் பெண்டாட்டி ராசாத்திக்குப் பயம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போவாள். வீதியே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

குழாயைப் பிரிக்கவே முடியாதா பாய் என்று மத்தியானத்திலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டான். முடியாது என்று குத்புதீனும் மூன்று தடவை மீசையைத் தடவிக்கொண்டார்.

பராசரன் சாமி அங்கவஸ்திரத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். குத்புதீன் பிஸ்மில்லா சொல்லி, பிச்சமுத்துவைத் தாண்டிக் கையை நீட்டி விளக்கைப் போட்டார்.

வீதி பகலாயிற்று.

மரத்தில் அடைந்திருந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று இரை தேடக் கிளம்பின. எதிர்வீட்டு மாமி கோலம் போட வாசல் தெளித்துவிட்டதாகவும் பிற்பாடு சொன்னார்கள். அது அவ்வளவு நம்பும்படி இல்லை.

சாமி தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கோபுரத்தையா, விளக்கையா என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வாங்கிய மாலையை எடுத்துவர உள்ளே போனார்.

அப்போது ராசாத்தி வந்தாள்.

வந்தவள் காருக்கு நேர் எதிரே, பத்தடியில், வெளிச்சத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். மூக்குத்தியில் கல் எத்தனை என்று எண்ணிவிடலாம். வழக்கம்போல ஒரு கை முன்னால் நீண்டிருந்தது.

பிச்சமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குத்புதீன் பக்கம் சாய்ந்தான்.

“பாய், ராசாத்தி வந்துட்டாளா, கொஞ்சம் பாருங்க.”

குத்புதீன் சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டது.

எதிரே நிற்கிறவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பொழுது சாய்ந்தால் அவள் பிடித்து அழைத்துப்போகிற கை. ஜங்ஷனுக்குப் போகக் காவேரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

பையில் கிடந்த மூன்று துண்டும் நெஞ்சில் குத்தின.

உள்ளேயிருந்து சாமியின் இருமல் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய விளக்கு திருச்சினாப்பள்ளியில் கிடையாது. மதராஸிலும் இருக்காது.

குத்புதீன் மடக்குக் கத்தியைத் திறந்துகொண்டு சுவிட்சுக்கு அடியில் குனிந்தார். குழாய் தொடங்கும் முன்னால் நாலு விரல்கடை வயர் வெளியே தெரிந்தது. அவசரம்தான், ஆனாலும் கத்தியைச் சாய்த்துப் பிடிக்க மறக்கவில்லை.

வீதி இருண்டது. காக்கைகள் திரும்பி வந்தன.

மாலையோடு வந்து திகைத்து நின்ற சாமியிடம் அவர் வயரின் நுனியை நீட்டினார்.

“எலிங்க, சாமி.”

சாமி அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அதே சாய்வு.