இறங்காத பிரிட்ஜ்

பிஷ்கெக்கில் கிட்டார் பழுது பார்க்கிறேன்; என் சொந்தக் கிட்டார் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

புர்மெத் அக்கா, இறந்த கணவரின் எலக்ட்ரிக் கிட்டாரை விற்பதற்காகப் புதுக் கம்பி மாட்டக் கொண்டுவந்தார். கம்பிகள் முன்னால் இழுக்க, ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்க, நடுவில் நிற்பது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ். ஆறு கம்பியையும் கழற்றினால் அது பின்னால் சாய்ந்துவிடும். கழற்றினேன். சாயவில்லை. ஸ்பிரிங்குகள் விறைப்பாகத்தான் இருந்தன.

"ஏன்டா முழிக்கிற? விலை போகாதா?"

"போகும்க்கா. யாரோ கையால பிடிச்சிருக்காப்ல இருக்கு."

வாசிக்கும்போது சுருதியை அசைக்கப் பிடிக்கும் பிரிட்ஜின் கைப்பிடி தானாகத் தாழ்ந்து உயர்ந்தது.

அக்கா பெருமூச்சு விட்டார். "அவரு எப்பவும் இப்படித்தான், இன்னும் ஒரே பாட்டும்பாரு. லேசுல முடிக்க மாட்டாரு," என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, கிட்டாரை விலைக்கு வாங்க ஒருவர் வந்தார்; அவரை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். கைப்பிடி தாழும்போதெல்லாம் அக்காவின் பூட்ஸ் தரையில் தாளம் தட்டியது.