சுருதி சேர்ந்த குழாய்

இன்னாசி ஊதும் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தில் ஒரு குட்டிக் குழாய் இருந்தது. அதை அவ்வப்போது இழுத்துவிட்டால்தான் சுருதி சேரும். ஆனால் ஊதும்போது இன்னாசிக்குக் கை எட்டாது. அதனால் பாட்டுக்குப் பாட்டு அதன் சுரம் மட்டும் பிசகியது.

"உன்னாலதான் மானம் போகுது!" என்று மற்ற குழாய்கள் அதைத் திட்டித் தீர்த்தன. அதனிடம் அவற்றுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஒருநாள் இன்னாசி அதில் நீளமான கம்பி ஒன்றைப் பொருத்தினார்.

"வாசிக்கும்போதே இழுப்பேன், வந்துடு," என்றது கம்பி.

"விழுந்துடுவேனே!"

"நான் பிடிச்சிருக்கேன்ல."

அடுத்த பாட்டில் இன்னாசி கம்பியை இழுக்க, குழாய் பயந்து பயந்து வெளியே வந்தது. பாட்டும் முடிந்தது.

"என் சுரம் கேட்டுச்சா?"

"தனியா கேக்கவே இல்ல. அவ்வளவு நல்லா சேர்ந்துடுச்சு," என்றது கம்பி.

குழாய் பூரித்துப்போய் மற்ற குழாய்களைப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. அப்படி ஒரு குழாய் அங்கே இருப்பதையே அவை மறந்துபோயிருந்தன.