இரண்டாம் சாட்சி

"ஐயா, ரெண்டாவதா சாட்சி சொல்ல வர்ற பொலிஸ்காரத் தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

நீதிமன்ற வாசலில் கமலாட்சி இப்படித் தொடங்கியதுமே சட்டத்தரணி கதிர்காமநாதனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"என்ன கேள்வி?"

"எங்க வீட்டுக்காரரப் பிடிச்ச வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அன்னைக்கு அந்தத் தம்பிக்கு எங்க டியூட்டின்னு கேளுங்க. பெரிய சார்ஜன்கிட்டக் கேட்டுறாதீங்க. இவருகிட்ட மட்டும்."

"சட்டம் நீர் படிச்சனீரோ, நான் படிச்சனானோ?"

கமலாட்சி கும்பிட்டுவிட்டு ஒதுங்கினாள். ஒதுங்காமல் என்ன செய்வாள்? புருசன் மாயாண்டி நாலு மாதமாக விளக்கமறியல் சிறையில் கிடக்கிறான். வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன அவனுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினை, பின் லைற் எரியவில்லை என்று முரசுமோட்டையில் வைத்து மறித்த பொலிஸ், பின்பெட்டிக்குள் இரண்டு கிலோ கஞ்சா கிடந்ததென்று வழக்குப் போட்டுவிட்டது. தீர்ப்புப் பிழைத்தால் மனிசன் மறியலுக்கு, மெசின் அரசாங்கத்துக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்திறங்குகிற கதிர்காமநாதனுக்கு வன்னிச் சனமென்றாலே ஒரு இளக்காரம். அதிலும் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறினவர்களென்றால் கேட்கவே வேண்டாம். "இதுகளோடை கதைச்சே எனக்கு ஆயுசு குறையுது" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலில் சார்ஜன் கூண்டில் ஏறினார். பாடமாக்கினதை ஒப்புவித்தார். தானும் கொன்ஸ்டபிள் கிருசாந்தனும் சேர்ந்து மறித்தார்களாம், சேர்ந்து சோதித்தார்களாம், சேர்ந்து கண்டெடுத்தார்களாம்.

கதிர்காமநாதன் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். அவருடைய பிடி பின் லைற்றில். லைற் எரிந்தது, ஆகவே மறித்ததே பிழை. மறித்தது பிழையென்றால் பெட்டிக்குள் எடுத்ததும் செல்லாது. படம், பற்றுச்சீட்டு, பழைய தீர்ப்புகள் என்று முக்கால் மணித்தியாலம் விளாசித் தள்ளினார். சார்ஜன் அசையவில்லை. எத்தனை தரம் கேட்டாலும் "எரியேல்லை" என்ற ஒரே சொல்தான்.

நீதவான் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சட்டத்தரணி, அந்த லைற்றை விட்டா வேறை ஏதும் இருக்கோ?"

இருந்தால்தானே!

அடுத்து கிருசாந்தன். இருபத்தைந்து வயது வராத பொடியன். சத்தியம் செய்தான். பொலிஸ் தரப்பு கைதுக் குறிப்பைக் காட்டி, "இது உம்மடை கையெழுத்தோ?" என்று கேட்டது. "ஓம்" என்றான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

கதிர்காமநாதன் தாள்களைப் புரட்டினார். ஒன்றும் மிச்சமில்லை. பின்வரிசை வாங்கில் கமலாட்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, துலையட்டும் என்று வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

"குறிப்பிலை கிடக்கிற திகதி வற்றாப்பளைப் பொங்கல். அண்டைக்கு உமக்கு எங்கை டியூட்டி?"

"கோயிலடியிலை ஐயா. மத்தியானம் தொடங்கி அடுத்தநாள் விடியுமட்டும்."

பொங்கலன்று கொன்ஸ்டபிள்மாரை எல்லாம் கோயிலடிக்குத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள். இது வன்னியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வழக்குக் கணக்குக் காட்ட அவசரப்பட்டுத் தன்னோடு நின்றதாகக் கிருசாந்தனின் பேரையும் எழுதின சார்ஜனுக்கு அது நினைவு வரவில்லை. யாழ்ப்பாணத்து அப்புக்காத்து கதிர்காமநாதனுக்கும் வரவில்லை.

"அப்ப முரசுமோட்டையிலை மறிச்சது ஆர்?"

"எனக்குத் தெரியாது ஐயா. நான் அங்கை நிக்கேல்லை."

"பின்னை கையெழுத்து?"

"சார்ஜன் எழுதிக்கொண்டந்து நீட்டினவர். வைச்சனான்."

சார்ஜனின் முகம் கறுத்தது. கதிர்காமநாதனுக்கு அப்போதுதான் தொண்டை திறந்தது. கூரை அதிர முழங்கினார். நீதவான் அம்மா டியூட்டிப் புத்தகத்தை எடுப்பித்துப் பார்த்தார். அதிலும் வற்றாப்பளைதான். சாட்சியத்தை நம்ப முடியாதென்று தள்ளி, மாயாண்டியை விடுதலை செய்தார். சார்ஜன், கொன்ஸ்டபிள் இரண்டு பேர்மேலும் விசாரணை வைக்கச் சொன்னார்.

வெளியே கன்ரீனடியில் கதிர்காமநாதனைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தீங்களோ, உரிச்சுப்போட்டன்! முக்கால் மணித்தியாலம் லைற், லைற் எண்டு அவங்களைப் பேய்க்காட்டிப்போட்டு, கடைசியிலை விட்டன் பாருங்கோ ஒரு கேள்வி! சட்டெண்டு என்ரை மண்டைக்குள்ளை வந்தது. விசரன், ஓம் நிண்டனான் எண்டு சொல்லியிருந்தாத் தப்பியிருப்பான். பொய்க்குக் கையெழுத்து வைக்கத் தெரிஞ்சவனுக்குப் பொய் சொல்லத் தெரியேல்லை. இனி அவன்ரை உத்தியோகமும் அம்போ!"

சுற்றி நின்ற சட்டத்தரணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிருசாந்தன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்து போனான். கதிர்காமநாதன் விடவில்லை. "டேய் தம்பி, இனி நிரந்தரமாக் கோயிலடியிலையே நிக்கலாம், என்ன!"

மறுபடியும் சிரிப்பு. கிருசாந்தன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த கமலாட்சி அப்படியே நின்றுவிட்டாள். ஐயாவுக்கு நன்றி சொல்லத்தான் வந்தவள். முகம் சிவந்துபோயிற்று.

"அவர ஏசாதீங்க ஐயா. 'கூண்டிலை ஏறினா நான் பொய் சொல்லமாட்டன் அம்மா, என்ரை வேலை போனாலும் பரவாயில்லை, ஆனா ஆராவது என்னட்டை இதைக் கேக்கோணும்'னு போன கிழமை எங்க வீட்டத் தேடி வந்து சொல்லிட்டுப் போனதே அவருதான்."